நான்கு தண்டுகளும் ஒரு நேர்கோடும்

மோட்டாருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: சுற்றுவது. நமக்கு வேண்டிய அசைவுகளோ வேறு. பேருந்தின் வைப்பர் இடமும் வலமுமாக ஆட வேண்டும். தையல் மிஷினின் தலையில் நூலைக் கோர்த்துவிடும் அந்தச் சின்ன லீவர் சட்டென்று மேலே போக வேண்டும், நிதானமாகக் கீழே இறங்க வேண்டும். காரின் பானட்டைத் தூக்கினால் அது கண்ணாடியில் இடிக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் உள்ளே கணினி எதுவும் இருக்க வேண்டியதில்லை. நான்கைந்து தண்டுகளும் அவற்றைக் கோர்க்கும் பின்களும் போதும். இந்தக் கோர்வையைத்தான் பட்டறையில் லிங்கேஜ் என்கிறார்கள்.

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது.

லிங்கேஜுக்கு விதி இரண்டுதான். தண்டின் நீளம் மாறாது; பின்னைச் சுற்றித் தண்டு திரும்பும். ஒரு தண்டின் ஒரு முனையைச் சுவரில் பின் போட்டுவிட்டால் மறுமுனை வட்டம்தான் போடும், வேறெதுவும் அதற்குத் தெரியாது. மூன்று தண்டுகளை முக்கோணமாகக் கோர்த்தால் அசையவே அசையாது; கூரைக்கு முக்கோணச் சட்டம் போடுவது அதற்காகத்தான். ஐந்தைக் கோர்த்தால் தொளதொளவென்று ஆடும், ஒன்றைப் பிடித்து அசைத்தால் மற்றவை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் இருக்கிறது நான்கு. நான்கு தண்டுகளில் ஒன்றைத் தரையோடு அசையாமல் பொருத்திவிட்டால், மீதி மூன்றில் ஒன்றைத் திருப்பியதும் மற்ற இரண்டும் ஒரே ஒரு விதமாக அசைந்து கொடுக்கும். உலகத்து லிங்கேஜ்களில் பெரும்பாலானவை இந்த நான்கு தண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை, அல்லது அதிலிருந்து கிளைத்தவை.

இனி கேள்வி. வட்டம் போடுவதைத் தவிர எதுவும் அறியாத தண்டுகளை வைத்துக்கொண்டு நேர்கோடு போட முடியுமா?

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று பார்க்க, ஓர் அடிபம்பைத் திறந்து பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் மேல் நிற்கும் இந்தியா மார்க் 2 பம்பு 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவானது. கோவை வட்டாரத்தில் ஊன்றிச் சோதித்துப் பார்த்த பம்பு. அதன் தலைப்பெட்டிக்குள் கைப்பிடியின் முன்முனை ஒரு வட்டவில்லாக முடிகிறது. அந்த வில்லின் மேல் ஒரு சங்கிலி படிந்திருக்கும். சங்கிலியின் கீழ்முனையில் கிணற்றுக்குள் இறங்கும் கம்பி. நீங்கள் கைப்பிடியை அழுத்தும்போது கைப்பிடி வட்டத்தில்தான் போகிறது. ஆனால் சங்கிலி வில்லை விட்டுப் பிரியும் இடம் எப்போதும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். ஆகவே கம்பி பக்கவாட்டில் நெளியாமல் நேராக மேலே வருகிறது. அழகான தந்திரம், மலிவும்கூட.

ஆனால் சங்கிலிக்கு ஒரு குறை. அது இழுக்கும், தள்ளாது. அடிபம்பில் அது குறையாகத் தெரியாததற்குக் காரணம், கம்பிகள் தம் எடையாலேயே கீழே இறங்கிவிடும் என்பதுதான்.

1712இல் தாமஸ் நியூகோமன் இங்கிலாந்தில் நிறுத்திய நீராவி இயந்திரத்திலும் இதே ஏற்பாடுதான். பெரிய மரத் தராசுக்கோல் போன்ற ஓர் உத்தரம், அதன் இரு முனைகளிலும் வில், வில்லில் சங்கிலி. சிலிண்டருக்குள் நீராவியைக் குளிரவைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். மறுமுனையில் சுரங்கத்துக்குள் தொங்கும் பம்புக் கம்பியின் எடை பிஸ்டனைத் திரும்ப மேலே இழுக்கும். இரண்டு பக்கமும் எப்போதும் இழுப்புதான். சங்கிலிக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

ஜேம்ஸ் வாட் வந்துதான் அதைக் கெடுத்தார். பிஸ்டன் இறங்கும்போது மட்டும் வேலை செய்கிறது, ஏறும்போது ஏன் சும்மா வர வேண்டும் என்று கேட்டு, நீராவியை இரண்டு பக்கமும் மாறி மாறிச் செலுத்தும் இயந்திரத்துக்கு 1782இல் காப்புரிமை வாங்கினார். இப்போது பிஸ்டன் கம்பி உத்தரத்தை இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். சங்கிலி உதவாது. கம்பியை நேராக உத்தரத்தின் முனையில் பின் போட்டால், உத்தரத்தின் முனை வட்டத்தில் போகும். கம்பி சாய்ந்து, சிலிண்டர் மூடியின் அடைப்பைக் கிழித்துவிடும். வில்லில் பல் வெட்டி, கம்பியிலும் பல் வெட்டிப் பார்த்தார். அது ஓடியது, அவருக்குப் பிடிக்கவில்லை.

இங்கே படிப்பவர்கள் கேட்பார்கள்: இரண்டு பக்கமும் வழவழப்பான இரும்புச் சட்டம் வைத்து நடுவில் கம்பியை வழுக்கவிட்டால் போதாதா? இன்றைக்குப் போதும். அன்றைக்கு நீளமான, தட்டையான, நேரான இரும்புப் பரப்பைச் செய்வது எளிதல்ல. உளியால் செதுக்கி, அரத்தால் ராவி, கையால்தான் கொண்டுவர வேண்டும். இரும்பைச் சமமாகச் சீவும் பிளேனிங் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆனால் உருண்டையான துளை போடுவதும் அதில் உருண்டையான பின் செருகுவதும் அன்றே கைவந்த வேலை. தட்டை கடினம், வட்டம் சுலபம். எனவே வட்டங்களை வைத்தே நேர்கோட்டைச் செய்தாக வேண்டும். எந்தப் பட்டறையில் எது சுலபம் என்பதுதான் அங்கே எந்த இயந்திரம் பிறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கணிதம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

1784இல் வாட் கண்ட விடை இது. இடப்பக்கச் சுவரில் ஒரு நீளத் தண்டு, வலப்பக்கச் சுவரில் அதே நீளத்தில் இன்னொன்று. இரண்டும் படுக்கைவாட்டில் ஒன்றையொன்று நோக்கி நீண்டிருக்கின்றன. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. அவற்றின் முனைகளை ஒரு குட்டைத் தண்டு செங்குத்தாகச் சேர்க்கிறது. இப்போது மொத்தத்தையும் மேலே தூக்குங்கள். இடத்தண்டின் முனை வட்டத்தில் ஏறுவதால் இடப்பக்கம் விலகும். வலத்தண்டின் முனை அதே அளவு வலப்பக்கம் விலகும். குட்டைத் தண்டு சாயும், ஆனால் அதன் நடுப்புள்ளி? ஒரு விலகல் மற்றதைக் கழித்துவிட, அது ஏறக்குறைய நேராக ஏறும். இரண்டு தவறுகளை எதிரெதிராக நிறுத்தி ஒரு சரியைப் பெற்றார் வாட். முதுமையில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் செய்த வேறெந்த இயந்திரக் கண்டுபிடிப்பைவிடவும் இதைப் பற்றியே தமக்குப் பெருமை அதிகம் என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார். நீராவி இயந்திரத்துக்காக நாம் அவரைக் கொண்டாடுகிறோம். அவருக்கோ மூன்று தண்டுகள்!

'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். வாட்டின் நடுப்புள்ளி முழுதும் போகும் பாதையை வரைந்தால் ஒல்லியாக நீண்ட 8 வரும். அந்த 8இன் நடுவில், கோடுகள் குறுக்கிடும் இடத்தை ஒட்டிய பகுதி மட்டும்தான் நேர்கோடு போலத் தோன்றும். மேலும் கீழும் உள்ள வளைவுகளுக்கு பிஸ்டன் போவதே இல்லை. போகாத இடத்தில் பாதை எப்படி வளைந்தால் என்ன? லிங்கேஜ் வடிவமைப்பின் மையமே இதில்தான் இருக்கிறது. வேண்டிய அசைவை முழுதாகக் கேட்காமல், எந்தத் துண்டு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்பது எவ்வளவு குறைவோ, தண்டுகளும் அவ்வளவு குறைவு.

சரி, 'ஏறக்குறைய' எவ்வளவு? அதைக் குறைக்க முடியுமா? இந்தக் கேள்வியைத் தலையில் ஏற்றிக்கொண்டவர் ருஷ்யக் கணித மேதை செபிஷேவ். 1852இல் மேற்கு ஐரோப்பாவைச் சுற்றிவந்தபோது தொழிற்சாலைகளையும் இயந்திரங்களையும் தேடிப்போய்ப் பார்த்தார். வாட்டின் தண்டுகளுக்கு நீளத்தை அனுபவத்தால் தேர்ந்தெடுக்கிறார்களே, மிகப்பெரிய விலகல் மிகச் சிறிதாக இருக்கும்படி கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க முடியாதா என்று யோசித்தார். 1854இல் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பில் இருப்பது இந்த இயந்திர அமைப்புதான். ஆனால் அதற்குள்ளிருந்து பிறந்தவை, இன்று கணிதத்தில் அவர் பெயரால் வழங்கும் பல்லுறுப்புக் கோவைகள். மின்னணுவியலில் வடிப்பான் வடிவமைப்பவர்கள் செபிஷேவ் பெயரைத் தினமும் சொல்கிறார்கள். அதன் வேர் நீராவி இயந்திரத்தின் பின்களில் இருக்கிறது.

அவருடைய லிங்கேஜ் ஒன்றை மேசையிலேயே செய்துவிடலாம். காலண்டர் அட்டை போதும். பலகையில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசிகள். துளைக்குத் துளை 10 செ.மீ. இருக்கும்படி இரண்டு பட்டைகள். 4 செ.மீ. பட்டை ஒன்று, அதன் நடுவில் பென்சில் முனை நுழைய ஒரு துளை. இடது ஊசியில் மாட்டிய நீளப் பட்டையைக் குட்டைப் பட்டையின் வலது முனையோடு சேருங்கள். வலது ஊசியின் பட்டையை இடது முனையோடு. நீளப் பட்டைகள் இரண்டும் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும். இப்போது பென்சிலைத் துளையில் வைத்து இடமும் வலமுமாக நகர்த்துங்கள்.

வருவது நேர்கோடு. நம்பிக்கை இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து 6, 8, 10 முக்கோணத்தை வைத்தே சரிபார்க்கலாம். பென்சில் நடுவில் இருக்கும்போது குட்டைப் பட்டை படுக்கையாக இருக்கிறது. இடது ஊசியிலிருந்து அதன் வலது முனைக்குக் குறுக்கே 6 செ.மீ. தூரம், பட்டையின் நீளம் 10, ஆகவே உயரம் 8. அடுத்து, குட்டைப் பட்டை செங்குத்தாக நிமிர்ந்து வலது ஊசிக்கு நேர் மேலே நிற்கும் நிலை. அதன் மேல்முனை வலது ஊசியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில், கீழ்முனை 6 செ.மீ. உயரத்தில். இடது ஊசியிலிருந்து கீழ்முனைக்குக் குறுக்கே 8, உயரம் 6, பட்டை மறுபடி 10. எல்லாம் ஒத்துப்போகிறது. பென்சில் நடுவில் இருப்பதால் அதன் உயரம் 10க்கும் 6க்கும் நடுவே, அதே 8. இடது பக்கமும் இப்படியே. மூன்று இடங்களில் துல்லியமாக 8 செ.மீ. இடைப்பட்ட இடங்களில் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தால் மிக அதிகமான விலகல் 0.2 மில்லிமீட்டர். 8 செ.மீ. நீளக் கோட்டில் 0.2 மி.மீ.! உங்கள் பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம்.

இதை ஒரு மோட்டாரில் மாட்டலாம் என்று ஆசை வருமே, அங்கேதான் சிக்கல். நீளப் பட்டைகள் இரண்டும் ஊசியைச் சுற்றி முழுச் சுற்று வராது, ஆடத்தான் செய்யும். நான்கு தண்டுகளில் எது முழுதாகச் சுற்றும் என்பதற்கு ஜெர்மானியப் பொறியாளர் கிராஷாஃப் 1883இல் ஓர் எளிய விதி சொன்னார். மிகக் குட்டையானதையும் மிக நீளமானதையும் கூட்டுங்கள். அது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால், மிகக் குட்டைத் தண்டு தன் பக்கத்துத் தண்டுகளைப் பொறுத்து முழுச் சுற்று வரும். நம் கணக்கில் 4ம் 10ம் சேர்ந்து 14, மீதி 8ம் 10ம் சேர்ந்து 18. நிபந்தனை பொருந்துகிறது. ஆனால் இங்கே குட்டையானது நடுவில் மிதக்கும் பட்டை. சுற்றக்கூடியது அதுதான், தரையில் நிற்கும் மோட்டாருக்கு அது எட்டாது. மோட்டார் வேண்டுமென்றால் குட்டைத் தண்டு தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

வேறு லிங்கேஜ் தேடலாமா? தேவையில்லை. சாமுவேல் ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1875இலும், அவரை அறியாமல் செபிஷேவும் கண்ட ஒரு தேற்றம் இருக்கிறது, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நான்கு தண்டு லிங்கேஜ் வரையும் எந்த வளைவானாலும், அதே வளைவை இம்மி பிசகாமல் வரையும் வேறு இரண்டு நான்கு தண்டு லிங்கேஜ்கள் உண்டு. பாதை பிடித்திருக்கிறது, ஆனால் ஊசி போட இடம் சரியில்லை, மோட்டார் மாட்ட வழியில்லை என்றால், பாதையை விடாமல் இயந்திரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நம் அட்டை லிங்கேஜின் உறவுக்காரர் இப்படி இருப்பார். ஊசிகளின் இடைவெளி 4 செ.மீ. இடது ஊசியில் 2 செ.மீ. கிராங்க், அதாவது முழுச் சுற்று வரும் தண்டு. வலது ஊசியில் 5 செ.மீ. ஆடுதண்டு. கிராங்கின் முனையிலிருந்து 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு தண்டு. அதன் சரிபாதியில், 5 செ.மீ.யில், ஆடுதண்டைப் பின் போட வேண்டும். மறுமுனையில் பென்சில். இதற்கு லாம்டா லிங்கேஜ் என்று பெயர், உருவம் அந்தக் கிரேக்க எழுத்தைப் போல இருப்பதால். கிராங்கைச் சுற்றுங்கள். சுற்றில் சரிபாதிக்கு, 180 பாகைக்கு, பென்சில் அதே 8 செ.மீ. உயரத்தில் அதே 8 செ.மீ. கோட்டைப் போடும். மீதிப் பாதியில் மேலே எழும்பி, 9.8 செ.மீ. உச்சிக்குப் போய், வளைந்து திரும்பும்.

பாதி நேரம் தரையில் நேராக, பாதி நேரம் தூக்கிக்கொண்டு திரும்பி. இதைப் படித்ததும் ஒரு கால் நினைவுக்கு வரவில்லையா? செபிஷேவுக்கும் வந்தது. இத்தகைய லாம்டாக்களை இணைத்து நான்கு கால்களில் நடக்கும் ஓர் இயந்திரத்தைச் செய்து, 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்டினார். மூலைக்கு மூலை இருக்கும் இரண்டு கால்கள் ஒரு ஜோடி. ஒரு ஜோடி தரையில் நிற்கும்போது மற்றது எழும்பி முன்னே போகும். தரையில் நிற்கும் ஜோடி நேர்கோட்டில் போவதால் உடம்பு மேலும் கீழும் குலுங்காது.

துல்லியமான நேர்கோடு தரும் லிங்கேஜே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் போசெலியே 1864இல் அறிவித்தார். செபிஷேவின் மாணவர் லிப்கின் சில ஆண்டுகள் கழித்துத் தனியாகவே அதைக் கண்டுபிடித்தார். அசையும் தண்டுகள் ஏழு. ஒரு சாய்சதுரமும் இரண்டு நீளக் கைகளும் சேர்ந்து, ஒரு புள்ளி அசையாத ஒரு மையத்திலிருந்து விலக விலக இன்னொரு புள்ளியை நெருங்கிவரச் செய்கின்றன, இரண்டு தூரங்களின் பெருக்கற்பலன் மாறாதபடி. முதல் புள்ளியை, அந்த மையம் வழியாகவே போகும் ஒரு வட்டத்தில் ஏழாவது தண்டால் ஓட்டினால், இரண்டாவது புள்ளி நேர்கோட்டில் ஓடும். லண்டனில் கணித மேதை சில்வெஸ்டர் 1874இல் இதன் மாதிரியைக் காட்டிப் பேசியபோது பெரும்புள்ளிகள் மயங்கிப்போனார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் காற்றோட்ட இயந்திரத்திலும் அதைப் பொருத்தினார்கள்.

ஆனால் அது பரவவில்லை. ஒவ்வொரு பின்னிலும் முடியளவு தளர்ச்சி இருக்கும். பட்டறையில் அதை 'பிளே' என்பார்கள். ஆறு மூட்டுகளின் பிளே ஒன்றுசேர்ந்தால், காகிதத்தில் பூஜ்யமான விலகல் இரும்பில் பூஜ்யமாக இருப்பதில்லை. அதோடு, நேரான சறுக்குச் சட்டங்களும் அதற்குள் மலிந்துவிட்டன. வாட்டின் மூன்று தண்டுகளோ இன்னும் உயிரோடு இருக்கின்றன: சில கார்களின் பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் மேலும் கீழும் மட்டும் போக, அதே அமைப்பைப் பொருத்துகிறார்கள்.

இதுவரை பார்த்தது மற்றவர்கள் செய்து வைத்தவை. நாமே ஒன்றைத் தொடங்குவது எப்படி?

பரண் அலமாரிக்கு மேலே தூக்கும் கதவு ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிலைகளைக் காகிதத்தில் வரையுங்கள். ஒன்று, மூடியிருக்கும்போது. இரண்டு, பாதி திறந்து, மேலே இருக்கும் விளக்கில் இடிக்காமல் முன்னே வந்திருக்கும்போது. மூன்று, முழுதும் திறந்து மேலே படுத்திருக்கும்போது. இடையில் கதவு எப்படிப் போனாலும் கவலையில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். கதவில் ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நிலைகளில் அது மூன்று இடங்களில் இருக்கும். மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு வட்டம்தான் போகும். பள்ளியில் செங்குத்து இருசமவெட்டி வரைந்து கண்டுபிடித்தோமே, அதே வட்டம். அதன் மையத்தில் சுவரில் பின் அடித்து, ஆரத்தின் நீளத்துக்கு ஒரு தண்டு வைத்தால், அந்தப் புள்ளி மூன்று இடங்களையும் தொட்டே தீரும். கதவில் இன்னொரு புள்ளியை எடுத்து இதையே செய்யுங்கள். இரண்டு தண்டுகள், கதவு, சுவர் ஆக நான்கு. லிங்கேஜ் தயார்.

மையம் அலமாரிக்கு வெளியே அந்தரத்தில் போய் விழுந்தால் வேறு புள்ளியை எடுங்கள். கதவில் புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. மூன்றுக்குப் பதிலாக நான்கு நிலைகளைக் கேட்டால் எல்லாப் புள்ளியும் ஆகாது. ஒரு குறிப்பிட்ட வளைகோட்டில் இருக்கும் புள்ளிகள்தான் ஆகும். ஐந்து கேட்டால் விரல்விட்டு எண்ணும்படி சில புள்ளிகள், சிலசமயம் ஒன்றுமே இல்லை. ஜெர்மனியின் பூர்மெஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இதையெல்லாம் வரைந்து தீர்த்துவிட்டார்.

காகிதத்தில் சரியாக வந்தது அலமாரியில் சரியாக வராமல் போகவும் வழியுண்டு. முதல் தொல்லை, லிங்கேஜ் மூன்று நிலைகளையும் தொடும், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வழி இருக்காது. பின்னைக் கழற்றி மறுபக்கம் மடக்கி மாட்டினால்தான் மூன்றாவது நிலை வரும். கணக்கில் தெரியாது, அட்டையில் செய்து பார்த்தால் உடனே தெரியும். இரண்டாவது, தள்ளும் கோணம். தரையைத் தொடாமல் நடுவில் இருக்கும் இடைத்தண்டு அடுத்த தண்டை ஏறக்குறைய செங்குத்தாகத் தள்ளினால் விசை முழுதும் வேலையாகும். கோணம் மிகச் சிறிதாகிவிட்டால் தண்டைத் திருப்புவதற்குப் பதில் பின்னை நசுக்கும். 40 பாகைக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதற்கும் கீழே போய் இரண்டு தண்டுகளும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் இயந்திரம் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டலே வேண்டும் என்று வடிவமைப்பவர்களும் உண்டு: பட்டறையில் பொருளை அழுத்திப் பிடிக்கும் டாகிள் கிளாம்ப் பூட்டிக்கொள்வது அப்படித்தான்.

கதவுக்கு நிலை முக்கியம். வேறு சில வேலைகளில் ஒரு புள்ளி போகும் பாதைதான் முக்கியம். பழைய சினிமா கேமராவில் ஃபிலிமை இழுக்கும் நகம் ஒரு நல்ல உதாரணம். அது ஃபிலிமின் ஓரத் துளைக்குள் நுழைந்து, நேராகக் கீழே ஒரு ஃபிரேம் அளவு இழுத்து, வெளியே வந்து, மேலே திரும்பி, மறுபடி நுழைய வேண்டும், நொடிக்கு 24 தடவை. நேராக இருக்க வேண்டியது இழுக்கும் துண்டு மட்டும். திரும்பும் வழி அரைவட்டமானாலும் சரி, கோணலானாலும் சரி.

இப்படிப்பட்ட பாதைக்கு நீளங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கணினி பரவாத காலத்தில் ஓர் அட்லஸ் இருந்தது. ரோன்ஸ், நெல்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1951இல் 7,000க்கும் மேற்பட்ட வளைவுகளைக் கனத்த புத்தகமாக அச்சிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் தண்டு நீளங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அந்த நீளங்களுக்கு வரும் வளைவுகளைச் சிறு கோடுகளால் வரைந்திருப்பார்கள். ஒவ்வொரு சிறு கோடும் கிராங்க் திரும்பும் ஒரே அளவு கோணம். சிறு கோடு நீளமாக இருந்தால் அங்கே புள்ளி வேகமாகப் போகிறது, குட்டையாக இருந்தால் மெதுவாக. பொறியாளர் பக்கங்களைப் புரட்டி, தமக்கு வேண்டிய துண்டு எந்த வளைவில் இருக்கிறது என்று கண்ணால் தேடுவார். இதைப் பழைய காலத்து வேலை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எது வேண்டும் என்பதைக் கண் அறியும் வேகத்தில் சமன்பாடு அறியாது.

சமன்பாட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நான்கு தண்டு லிங்கேஜில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய எண்கள் ஒன்பது: இரண்டு ஊசிகளின் இடங்களுக்கு நான்கு, பென்சில் தாங்கும் இடைத்தண்டு முக்கோணத்துக்கு மூன்று, மற்ற இரண்டு தண்டுகளுக்கு இரண்டு. ஆகவே ஒன்பது புள்ளிகள் கொடுத்தால், அவை எல்லாவற்றின் வழியாகவும் போகும் லிங்கேஜைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். 1923இல் ஜெர்மனியின் ஆல்ட் இந்தக் கேள்வியை எழுப்பினார். விடை எத்தனை என்று தெரிய 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாம்ப்லர், மார்கன், சோமிஸ் என்ற மூவர் கணினியில் கணக்கிட்டு, பொதுவாக 1,442 தீர்வுக் குடும்பங்கள் என்றார்கள். ராபர்ட்ஸ் தேற்றப்படி ஒவ்வொன்றிலும் மூன்று லிங்கேஜ்கள். அவற்றில் பல கற்பனை எண்களில் போய் முடியும். மீதியிலும் பல, கழற்றி மாட்டினால்தான் அடுத்த புள்ளிக்குப் போகும் வகை. ஒன்பது புள்ளிகளைப் பிடிவாதமாகக் கேட்டால் கிடைக்கும் பலன் இதுதான்.

நெதர்லாந்தின் தியோ யான்சன் கேட்டது வேறு மாதிரி. 1990 முதல் கடற்கரை மணலில் காற்றால் நடக்கும் பிளாஸ்டிக் குழாய் விலங்குகளைச் செய்துவரும் கலைஞர் அவர். அவருடைய காலுக்கு நான்கு தண்டு போதவில்லை. பாதம் தரையில் இருக்கும்போது மட்டமாகப் போக வேண்டும், தூக்கும்போது சீக்கிரம் திரும்ப வேண்டும். கணினியில் ஏராளமான கால்களை மனம்போன நீளங்களில் உருவாக்கி, அவற்றில் நன்றாக நடப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் நீளங்களைக் கலந்து அடுத்த தலைமுறையைச் செய்து, மறுபடி தேர்ந்தெடுத்தார். கடைசியில் வந்து நின்றவை 11 எண்கள். அவற்றை ஒளித்து வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அந்த நீளங்களில் ஐஸ் குச்சி ஒட்டி நடக்கவைக்கும் மாணவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

முதன்முதலில் செய்து பார்ப்பவர்கள் அந்தக் காலில் தொடங்க வேண்டாம். பின்கள் அதிகம், எங்கே தவறு என்று தேடுவது கடினம். லாம்டாவில் தொடங்குங்கள்: 4, 2, 5, 10. அது ஓடியதும் பென்சில் துளையை மட்டும் 1 செ.மீ. வெளியே தள்ளி, 10க்குப் பதில் 11 செ.மீ.யில் போட்டுப் பாருங்கள். கோடு கெட்டுப்போகும் என்றுதான் நினைப்போம். கெடாது. நேராகவே இருக்கும், ஆனால் சாயும்: இடது முனையில் உயரம் 9 செ.மீ., வலது முனையில் 8.6. உள்ளே 9 செ.மீ.யில் போட்டால் சாய்வு எதிர்ப்பக்கம். சரிவில் ஏறும் நேர்கோடு வேண்டியவர்கள் பலகையைத் திருப்ப வேண்டாம், துளையை நகர்த்தினால் போதும்.